ஊசிக்குள் ஓர் ஆடி வெள்ளம்

“ஏரி நிறையக் கட்லா கெடக்குது. அதுங்களே குஞ்சு பொரிச்சுக்காதாண்ணே? எதுக்கு வருஷா வருஷம் காசு குடுத்துக் குஞ்சு வாங்கி விடுறாங்க?”

லால்பேட்டையில், வீராணம் ஏரிக் கரையோரத்து டீக்கடையில் கேட்ட கேள்வி. கேட்டவர் ஏரிக் குத்தகைக்காரரிடம் வலை இழுக்கப் போகிற ஒரு தம்பி. நியாயமான கேள்விதான். ஜிலேபி மீனை ஒரு தடவை குட்டையில் விட்டால் போதும், அடுத்த வருஷம் குட்டை முழுக்க ஜிலேபியாக இருக்கும். விராலும் அப்படியே, யாரும் விடாமலே வந்து, தானே பெருகும். கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் கிலோக் கணக்கில் வளரும், வயிறு புடைக்கச் சினை சுமக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் பிள்ளை பெறாது.

சுருக்கமான பதில் ஒன்று உண்டு. இவை ஏரியில் வளர்க்கப்படுகிற ஆற்று மீன்கள். வளர்வதற்கு ஏரி போதும்; முட்டையிட வெள்ளம் வேண்டும். இதைச் சொன்னதும் தம்பி விடவில்லை. “வீராணத்துக்கும்தான் தண்ணி வருது, வடவாறு வழியா. அது வெள்ளமில்லையா?” இதற்குப் பதில் சொல்ல இரண்டாவது டீ தேவைப்பட்டது.

முதலில் மீனைப் பார்ப்போம். சிதம்பரம் மார்க்கெட்டில் ஒரு கட்லாவின் தலையைக் கையில் எடுத்தால் கெண்டைக் குடும்பத்தின் அடையாளங்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். உடம்பெல்லாம் செதில், தலையில் ஒன்றுகூட இல்லை. தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வயிற்றைக் கீறினால் இரைப்பை என்று தனியாக எதுவும் இருக்காது, சுருண்டு சுருண்டு கிடக்கும் நீளக்குடல்தான். காற்றுப்பையையும் உட்காதையும் வரிசையாகச் சில சிற்றெலும்புகள் இணைக்கின்றன. ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் வெபர் இதை 1820இல் எழுதி வைத்தார். இந்த எலும்புகளால் கெண்டைகளுக்குக் காது கூர்மை. வலையைக் கட்டிவிட்டுக் கம்பால் தண்ணீரை அடித்து மீனை விரட்டுகிறார்களே, அந்த உத்தி வேலை செய்வது இதனால்தான்.

கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், அது தரையில் கிடக்கும் மக்கல்களைத் தின்னும். மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்ப்பதன் கணக்கு அவ்வளவுதான். ஜிலேபிக் கெண்டை என்று நாம் கூப்பிடுவது இந்தக் குடும்பத்திலேயே சேராது. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு சாதி. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் நம் ஆற்று மீன்களே அல்ல. கங்கைச் சமவெளிக்கும் வடக்கத்தி ஆறுகளுக்கும் உரியவை. கட்லாவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாண மீன்துறை கோதாவரியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்டது. காவிரியின் கிளையான கொள்ளிடத்துக்குச் சொந்தமான கெண்டைகள் வேறு: வெண்கெண்டை, சேல்கெண்டை, கருமுழிக்கெண்டை. கடைசியாகச் சொன்னது காவிரிக்கே உரிய மீன். வெண்கெண்டைக்கும் சேல்கெண்டைக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர், 1795இல். தரங்கம்பாடி மிஷனரி ஜான் அவருக்கு நம் பக்கத்து மீன்களை அனுப்பி வந்தார். அந்த நன்றிக்கு ஒரு கடல்மீன் பேரினத்துக்கே ஜானின் பெயரை வைத்தார் பிளாக். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் ஒரு காலைப் பயணம்தான்.

கங்கைக் கெண்டையானாலும் காவிரிக் கெண்டையானாலும் முட்டையிடும் வழி ஒன்றே. இனி அதற்கு வருவோம்.

மாசி, பங்குனியில் பகல் நீண்டு வெயில் ஏறத் தொடங்கியதும், மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேலையை ஆரம்பிக்கும். சினைப்பையில் முட்டைகளுக்கு மஞ்சள்கரு சேரும். வைகாசி முடிவதற்குள் முட்டை முழு அளவுக்கு வந்துவிடும். இதுவரை ஏரி மீனுக்கும் ஆற்று மீனுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு படி. முட்டையின் உட்கரு நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர வேண்டும், முட்டை சினைப்பைச் சுவரிலிருந்து கழன்று விழ வேண்டும். அதற்குப் பிட்யூட்டரி தன் ஹார்மோனை ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். கொட்ட விடாமல் மூளையில் டோபமின் என்ற பொருள் பிடித்து வைத்திருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பிரேக்கையும் அழுத்திப் பிடித்திருக்கிற பைக்கைப் போல மீன் நின்றுகொண்டிருக்கும்.

பிரேக்கை விடுவிப்பது வெள்ளம். புதுத்தண்ணீர் வரும்போது ஒரே நேரத்தில் பல மாறுதல்கள் நடக்கின்றன: தண்ணீர் சற்றுக் குளிர்கிறது, கலங்குகிறது, உப்பு நீர்க்கிறது, மட்டம் ஏறுகிறது, நேற்று வரை காய்ந்து கிடந்த கரையோரப் புல் மூழ்குகிறது, ஓட்டம் வலுக்கிறது. இவை ஒன்றாகச் சேர்ந்து வந்தால்தான் மீன் நம்பும். ஆண் மீன்கள் பெண் மீனைத் துரத்தத் தொடங்கும். முழங்கால் ஆழத்தில், மூழ்கிய புல்வெளியில், தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஒன்றிரண்டு லட்சம் முட்டை விடும், ரோகு இன்னும் கூடுதலாக. வெள்ளம் வராமல் போனால்? சினை அப்படியே சிறிது காலம் காத்திருக்கும், பிறகு உடம்பே அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த வருஷம் போனது போனதுதான்.

ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று கேட்டால், முட்டையைப் பார்க்க வேண்டும். கெண்டைகளில் சாதாக்கெண்டை என்று ஒன்று இருக்கிறது; 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த வெளிநாட்டு இனம். அதன் முட்டை பசை போல ஒட்டும். குளத்துப் பாசியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பொரிக்கும், அதனால் அதற்கு ஆறு தேவையில்லை. நம் ஆற்றுக் கெண்டைகளின் முட்டை ஒட்டாது. தண்ணீரை உறிஞ்சி ஊதி, கண்ணாடி மணியாகி, ஓட்டம் இருக்கும்வரை தண்ணீரோடு மிதந்துகொண்டே போகும். ஓட்டம் நின்றால் கீழே இறங்கிச் சேற்றில் புதைந்து அழுகிவிடும். பொரிக்க 14 முதல் 18 மணி நேரம். பிறகு மூன்று நாள் மஞ்சள்கருப் பையில் இருக்கிற உணவோடு காலம் தள்ளும். அதற்குள் வெள்ளம் அதைப் புதிதாக மூழ்கிய ஓரங்களுக்குக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மண்டிக் கிடக்கும். விரால் தன் குஞ்சுக்கூட்டத்தைக் காவல் காக்கும். ஜிலேபி வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். கெண்டை எதையும் காப்பதில்லை. லட்சக்கணக்கில் ஆற்றிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும்.

இப்போது வீராணத்துக்கு வரலாம். வடவாற்றுத் தண்ணீர் அணைக்கரையில் கீழணையின் ஷட்டர் வழியாக, அளந்து திறக்கப்பட்டு, வாய்க்காலில் வருகிறது. ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் 47.5 அடி, சென்னைக்குக் குடிநீர், காட்டுமன்னார்கோயில் வட்டத்துக்குப் பாசனம் என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்கு இருக்கிறது. புதுத்தண்ணீர் வாசனை கண்டு கெண்டைகள் வாய்க்கால் முகத்தில் கூடும், அது உண்மை. ஆனால் அளந்த தண்ணீரில் மட்டம் கிடுகிடுவென்று ஏறாது. கரை போட்ட வாய்க்காலில் மூழ்குவதற்குப் புல்வெளி இருக்காது. ஒன்றிரண்டு மீன் ஏமாந்து முட்டையிட்டாலும், முட்டை சில நூறு கெஜம் ஓடி ஏரியின் அசையாத தண்ணீரில் விழுந்து அடங்கிவிடும். “அப்போ முகத்துல கூடுறது?” என்றார் தம்பி. வலைக்குத்தான், வேறென்ன.

நம் மாவட்டத்தில் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் மழை ஐப்பசி, கார்த்திகையில். கொள்ளிடத்துக் கெண்டைக்கோ அந்த மழையோடு பெரிய உறவில்லை. அதன் வெள்ளம் குடகு மலையில் ஆனி, ஆடியில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை. நம் வானத்தில் மேகமே இல்லாத ஒரு காலையில், எங்கோ பெய்த மழையின் தண்ணீர் மண்நிறத்தில் வந்து சேரும். நாம் ஆடிப்பெருக்குக் கும்பிடும் அதே நாள்களில் மீன் சினை இறக்கும். வெள்ளாறும் கெடிலமும் பெண்ணையாறும் இந்தக் கணக்கில் வராது. அவை நம் பருவமழைக்குப் பெருகுபவை.

அந்த ஆடி வெள்ளத்துக்கு நடுவில் இரண்டு பெரிய தடைகள் வந்தன. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். டெல்டா விவசாயத்தைக் காப்பாற்றியவை இவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கீழிருந்து எதிரேறி வருகிற மீனுக்கு அவை சுவர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்குள் நுழைந்த பிரான்சிஸ் டே, 1873இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், மீன் ஏற வழியில்லாத அணைக்கட்டுகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். அணைக்கட்டின் காலடியில் முட்டிமோதுகிற மீனைப் பிடிப்பது மிகச் சுலபம் என்பதை அவர் காலத்துக்காரர்களும் கண்டுபிடித்திருந்தார்கள், நம் காலத்துக்காரர்களும் மறக்கவில்லை. அணைக்கரையில் ஷட்டருக்குக் கீழே வீச்சுவலை விழுகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, 1934இல் மேட்டூர். அதற்குப் பிறகு குடகு வெள்ளம் நேராக நம்மிடம் வருவதில்லை, அணை நிறைந்து வழிந்தால் வரும். உபரி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குள் திருப்பிவிடப்படும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஷட்டர்களே உடைந்து போயின. அத்தகைய ஆண்டுகளில் ஆறு கரை தொட்டுப் போகும். மற்ற ஆண்டுகளில் கொள்ளிடம் என்பது மணல்வெளியும் நடுவில் சில மடுக்களும்தான். கோடையில் பெரிய கெண்டைகள் அந்த மடுக்களில் ஒதுங்கி உயிர் பிழைக்கும். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் தரையைக் கீழே இறக்கியதில் மடுக்களின் கணக்கும் மாறிவிட்டது. பழைய கொள்ளிடத்து ஊர்களில் முதலை குளத்துக்கு வருகிறது, வாய்க்காலுக்கு வருகிறது என்று புகார் சொல்கிறார்கள். மடுவை இழந்தவை முதலைகளும்தான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஆறு இப்படி இருக்க, மார்க்கெட்டில் கட்லா குவிந்து கிடப்பது எப்படி?

1957க்கு முன்னால் வளர்ப்புக் குளங்களுக்குக் குஞ்சு ஆற்றிலிருந்துதான் வந்தது. வெள்ளக் காலத்தில் வங்காளத்து ஆறுகளில் மெல்லிய துணிவலையைக் கரையோரம் கட்டி, மிதந்து வருகிற குஞ்சுகளை அள்ளுவார்கள். பானைகளில் போட்டு ரயிலேற்றுவார்கள். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே, அதற்காக வழிநெடுகப் பானையைக் குலுக்கிக்கொண்டே ஆள் போவார். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து விட்டாலும், வளர்ந்த பிறகுதான் தெரியும், பாதி கட்லாவா, அல்லது மற்றக் குஞ்சுகளைத் தின்னுகிற வாளையா என்று.

மீனுக்கு வெள்ளத்தைக் காட்ட முடியாவிட்டால், வெள்ளம் உடம்புக்குள் செய்கிற வேலையை நாமே செய்தால் என்ன? பிரேசிலில் 1930களில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். இந்தியாவில் ஹீராலால் சௌத்ரி செய்தார். கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவில் பணியாற்றிய அவர், கே. எச். அலிகுன்ஹியின் துணையோடு, 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில், பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாள். அவர் பயன்படுத்திய மூலப்பொருளை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு. வெட்டிய மீன் தலைகளிலிருந்து அந்தச் சிறு சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் போட்டு வைத்து, அரைத்து, தெளிய வைத்து ஊசியில் ஏற்றினார்கள். ஒரு மீனின் வெள்ளம் இன்னொரு மீனுக்கு மாற்றப்பட்டது.

இன்றைக்குச் சுரப்பியைத் தேடி அலைய வேண்டாம். ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் சீசாவில் கிடைக்கின்றன. அதில் இரண்டு சரக்கு: ஒன்று பிட்யூட்டரியைத் தூண்டும், இன்னொன்று டோபமினின் பிடியைத் தளர்த்தும். கிலோவுக்கு அரை மில்லி அளவில் ஒரே ஊசி. மாலையில் போட்டால் விடிவதற்குள் முட்டை. அதோடு வட்டத் தொட்டி என்று ஒன்று கட்டியிருப்பார்கள். அணைக்கரை அரசு மீன்குஞ்சுப் பண்ணை மாதிரியான இடங்களில் பார்க்கலாம். சிமெண்டுத் தொட்டிக்குள் குழாய்களைச் சாய்த்து வைத்துத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள். முட்டை கீழே இறங்கக் கூடாது என்பதற்காகத்தான். கடலுக்குப் போகாமல் அதே இடத்தில் சுற்றுகிற ஆறு அது. மூன்று நாளில் குஞ்சுகளை வடித்து நாற்றங்கால் குளத்துக்கு மாற்றுவார்கள். பதினைந்து நாளில் அங்குல நீளம், இரண்டு மூன்று மாதத்தில் விரல் நீளம். அதற்குப் பெயரே விரலி. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஆக்சிஜனுமாகக் கட்டிய பாலித்தீன் பைகளில் லாரி ஏறி லால்பேட்டைக்கு வருவது இவைதான்.

“ஊசி போட்ட மீனைத் திங்கலாமாண்ணே?” டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். தாராளமாகச் சாப்பிடலாம். ஊசி தாய்மீனுக்கும் தகப்பன்மீனுக்கும்தான். நம் தட்டுக்கு வருவது அவற்றின் பிள்ளை, அது ஊசியைப் பார்த்ததே இல்லை. ஏரிக் கெண்டையில் வருகிற மண்வாடைக்கும் ஊசிக்கும் சம்பந்தம் கிடையாது. தேங்கிய தண்ணீரில் வளர்கிற பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் போய்ச் சேர்வதால் வருகிற வாடை அது. அமிலம் பட்டால் உடைந்துவிடும். புளிக்குழம்பில் அது காணாமல் போவதும் பொரித்தால் துருத்திக்கொண்டு தெரிவதும் இதனால்தான். கடலூர் துறைமுகத்து வஞ்சிரத்துக்குப் பழகியவர்கள் ஏரி மீனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் முன் புளியைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். முள்ளுக்கு மட்டும் பரிகாரம் இல்லை. கெண்டையின் சதைக்குள் இரண்டாகக் கவைத்த மெல்லிய முட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, எந்த ஊசியாலும் அதை எடுக்க முடியாது.

நான் ஊசிக்கு எதிரி அல்ல. அது இல்லையென்றால் கூலிக்குப் போகிறவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் கிடையாது. ஆனால் ஊசி ஏரியின் சிக்கலைத்தான் தீர்த்தது, ஆற்றின் சிக்கலைத் தீர்க்கவில்லை. குஞ்சுப் பண்ணைகள் எது விற்கிறதோ அதைத்தான் பொரிக்கும்: கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை. வெண்கெண்டையைக் கேட்பவர் இல்லை, அதனால் பொரிப்பவரும் குறைவு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வெண்கெண்டை ‘அழிவாய்ப்பு’ நிலையில் இருக்கிறது. சேல்கெண்டையைச் செயற்கையாகப் பொரிக்க முடியும் என்று பெங்களூரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தின் கிளை காட்டியிருக்கிறது. ஆறுகளில் குஞ்சு விடும் திட்டங்களும் நடக்கின்றன. கங்கை மீனைக் காவிரியில் விட்டுவிட்டு ஆற்றை வளப்படுத்திவிட்டோம் என்று நினைப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. விட்ட குஞ்சு வளரும். வளர்ந்தபின் அது முட்டையிடவும் அதே வெள்ளம்தானே வேண்டும்?

கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கடலூரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். கொள்ளிடத்தில் ஆடி மாதம் அணைக்கட்டின் காலடியில் வலை போடக்கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளம் வருகிற ஆண்டுகளில், வந்த முதல் பத்து நாளாவது ஷட்டருக்குக் கீழே வலையை நிறுத்தினால் போதும் என்பது என் எண்ணம். மற்ற வேலையை மீனே பார்த்துக்கொள்ளும்.

“வெண்கெண்டைன்னா எது? நாங்க மிர்கால்னுல்ல தூக்கிப் போடுறோம்” என்றார் தம்பி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், பெரிய ஆராய்ச்சியாளர்களே இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். வாயைப் பாருங்கள்: மிர்காலுக்கு மேல்மூக்கில் ஒரு ஜோடிக் குட்டை மீசைதான், வெண்கெண்டைக்கு இரண்டு ஜோடி. அப்படியும் சந்தேகம் என்றால் முதுகுத் துடுப்பை விரித்து, முன்னால் இருக்கிற கிளைக்காத முட்களை விட்டுவிட்டு, நுனி கிளைத்த கதிர்களை எண்ணுங்கள். 12, 13 என்றால் மிர்கால். 14, 15 வந்தால் அது கொள்ளிடத்துக்காரன். உயிரோடு இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.